புல்லுருவி வேற, இது வேற

வாட்ஸ்அப்ல "பாலைவனப் புல்லுருவி"ன்னு ஒரு மூலிகை மெசேஜ் சுத்திக்கிட்டே இருக்கு, மூணாவது தடவையா வந்ததும் எனக்குப் பொறுக்கல. அதைப் படிச்சுட்டு எங்க பெரியம்மா, "நம்ம வீட்டுப் பின்னாடி மாமரத்துல இருக்கே, அதைப் பறிச்சுக் காய்ச்சினாப் போதுமாய்யா"ன்னு கேக்குறாங்க. ஒரு தப்பான பேர் என்ன வேலை பண்ணுது பாருங்க.

அந்த மெசேஜ் சொல்றது, இங்க பினாங்கு ஜார்ஜ் டவுன் சீன மருந்துக்கடைகள்ல கருப்பு சீவலா விக்கிற ரோ சொங் ரொங். தாவரவியல்ல சிஸ்டாஞ்சி. 'ரோ'ன்னா சதை, இறைச்சி. தண்டு அவ்வளவு தடிப்பு. உள்மங்கோலியா பாலைவனத்துல சாக்சவுல்ங்கிற புதரோட வேர்ல ஒட்டி மண்ணுக்குள்ளயே வளரும், பூக்கிறப்பதான் வெளிய தலை காட்டும். சீன வைத்தியத்துல சிறுநீரக 'யாங்' (அவங்க சொல்ற சூட்டு சக்தி) பலத்துக்கும் வயசானவங்க மலச்சிக்கலுக்கும் குடுப்பாங்க.

இதுல புல்லுருவி எங்கேர்ந்து வந்துச்சு? புல்லுருவி கிளையில உக்காரும், பச்சை இலை இருக்கும், மரத்துக்கிட்ட தண்ணியும் உப்பும் வாங்கிக்கிட்டு சாப்பாட்டைத் தானே சமைச்சுக்கும், மலாய்க்காரங்க டெடாலுன்னு சொல்றது அதைத்தான். சிஸ்டாஞ்சிக்குப் பச்சையமே கிடையாது, தண்ணியும் சோறும் எல்லாமே அடுத்தவன் வேர்லதான். அதுவும் போக, நம்ம நாட்டு வைத்தியத்துல புல்லுருவியே தனி மருந்து, ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சா சாப்பிடுறவங்க கதி என்ன?

இதையே சிலர் "பாலைவன ஜின்செங்"னு போடுறது இன்னும் மோசம். விளம்பரத்துல வர்ற இங்கிலீஷ் பேரை வார்த்தைக்கு வார்த்தை மாத்திட்டாங்க. ஜின்செங்ங்கிற மூலிகை வேர் வேற குடும்பம், ஒட்டுண்ணியே இல்ல. மொழிபெயர்க்கிறவங்க செடியோட படத்தையாவது ஒரு தடவை பாக்க வேண்டாமா?

தமிழ்நாட்டு விவசாயிங்க, புகையிலை வேர்ல ஒட்டுற இதோட சொந்தக்காரச் செடிக்குப் புகையிலைக் காளான்னு வச்சிருக்காங்க. எனக்கு அந்தப் பேர் பிடிக்கும், ஆனா மருந்துச் சீட்டுல காளான்னு போட்டா நிஜக் காளான்னே நினைச்சுக்குவாங்க. 'பாலை'ன்னு ஆரம்பிக்கவும் எனக்குத் தயக்கம், ஏழிலைப்பாலை மாதிரி மரங்களுக்கும் அந்தப் பேர் இருக்கு. அதனால நான் சொல்றது மணல் வேரொட்டி. எங்க வளருது, எதுல ஒட்டுதுன்னு ரெண்டும் பேர்லயே தெரியுது.

லேபிள் எழுதுறவங்க தமிழ்ப் பேரைப் போட்டாலும் சீனப் பேரைப் பக்கத்துலயே விட்டு வைங்க, கடையில எடுத்துக் குடுக்கிற தவுக்கேக்கு, அதான் சீன முதலாளிக்கு, புரியணுமே.