450 என்றால் எது 450?

மார்பு சி.டி. ஸ்கேன் எடுத்து ஒரு வாரம் கழித்து, அறிக்கையைச் சுருட்டிப் பிடித்தபடி ஒரு பெரியவர் என் அறைக்கு வந்தார். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரிக்கு அடியில் பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தார். ‘டி.எல்.பி. 450’.

“ஏம்மா, கதிர்வீச்சுலயே வேலை பார்க்கிறவங்களுக்குக்கூட வருஷத்துக்கு 20தான் வரம்புன்னு படிச்சேன். எனக்கு ஒரே நாள்ல 450 வச்சிருக்கீங்களே?”

மருத்துவ இயற்பியலாளராக நான் பார்க்கும் வேலையில் பாதி இந்த மாதிரிக் கேள்விகள்தான். அவர் படித்த 20 சரி. அறிக்கையில் இருந்த 450ம் சரி. முதலாவதற்குப் பின்னால் மில்லிசீவர்ட் என்று இருக்கும், இரண்டாவதற்குப் பின்னால் மில்லிகிரே-சென்டிமீட்டர் என்று இருக்கும். பயத்தில் படிக்கும்போது எண் மட்டும்தான் கண்ணில் நிற்கிறது, அதன் வால் நிற்பதில்லை.

டி.எல்.பி. என்பது கருவி கொடுத்த கதிரளவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கிய கணக்கு. அதை மில்லிசீவர்ட்டாக மாற்ற உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. மார்புக்கு 0.014. பெருக்கினால் 6.3 மில்லிசீவர்ட் வருகிறது. மண், பாறை, விண்வெளி, காற்றில் கலந்த ரேடான் வாயு, நம் உடம்பிலேயே உள்ள பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து, சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் தருகின்றன. பெரியவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய இரண்டரை ஆண்டுக் கணக்கு. தவிர, 20 என்பது பன்னாட்டுக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் ஊழியர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வைத்த வரம்பு. நோயாளிகளுக்கு அப்படி வரம்பு வைக்கவில்லை. ஸ்கேன் தேவைதானா, தேவையென்றால் படம் தெளிவாக விழுவதற்கு வேண்டியதற்கு மேல் கொடுக்காமல் எடுத்தார்களா என்றுதான் அங்கே பார்க்க வேண்டும்.

அவர் விடவில்லை. “அப்போ என் உடம்புல பட்டது 6.3ன்னு எழுதிக்கலாமா?”

நல்ல கேள்வி. உண்மையான பதில், அதுவும் இல்லை. கருவியின் திரையில் தெரியும் அளவு, அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த ஓர் உருளைக்குள் அளந்த கணக்கிலிருந்து வருவது. உடம்புக்கு 32 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை, தலைக்கு 16. அவரோ ஒல்லி. அதே அமைப்பில் எடுத்தால், ஒல்லியான உடம்பு திரையில் காட்டுவதைவிடக் கூடுதலாகவே வாங்கிக்கொள்ளும். அந்த 0.014ம் அவருக்காகக் கணக்கிட்டது கிடையாது. ஆணையும் பெண்ணையும் கலந்து சராசரியாகச் செய்த ஒரு கற்பனை மனிதருக்கு உரியது. ஒரு பரிசோதனையை இன்னொன்றோடு ஒப்பிட 6.3 உதவும். ‘எனக்கு இத்தனை சதவீதம் ஆபத்து’ என்று சொல்ல உதவாது.

இந்த இடத்தில்தான் அளவுகளில் இரண்டு சாதி இருப்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, போனது எவ்வளவு என்று சொல்வது. மற்றது, போனது என்ன செய்யும் என்று மதிப்பிடுவது. கிரே முதல் வகை. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் ஒரு கிரே. முழு உடம்பிலும் ஒரே நேரத்தில் 4 கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், இரண்டு மாதத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். எழுபது கிலோ ஆளுக்கு அது மொத்தம் 280 ஜூல். 60 டிகிரி சூட்டில் மூன்று மில்லி வெந்நீரைக் குடித்தால் உடம்புக்குள் அதே ஆற்றல்தான் போகிறது. உடம்புச் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். நானே மாணவியாக இருந்தபோது இந்தக் கணக்கை நம்பாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். வெந்நீரின் ஆற்றல் உடம்பெங்கும் பரவி அடங்கிவிடும். கதிர்வீச்சு அதே ஆற்றலைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுபோய் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது.

ஆகவே எத்தனை ஜூல் என்று எண்ணினால் மட்டும் போதாது. அதற்காக வந்ததுதான் சீவர்ட். ஆல்ஃபா துகளானால் 20ஆல் பெருக்கு, எக்ஸ்ரேயானால் 1ஆல் பெருக்கு, பிறகு எந்த உறுப்பில் பட்டதோ அதற்கு ஒரு பங்கு கொடு என்று கட்டிய அளவு அது. அந்தப் பங்குகள் ஆய்வு முன்னேற முன்னேற மாறும். 1990இல் மார்பகத்துக்கு 0.05 என்றிருந்தது 2007இல் 0.12 ஆனது. இனப்பெருக்க உறுப்புகளுக்கு 0.20 என்றிருந்தது 0.08 ஆகக் குறைந்தது. கருவி அதே கருவி, படமும் அதே படம். மில்லிசீவர்ட் மட்டும் மாறிவிட்டது. டேப் வைத்து அளந்ததுபோல இதை எடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

மருந்திலும் இதே இரண்டு சாதி உண்டு. மில்லிகிராம் எடை. யூனிட் என்பதும் ஐ.யூ. (பன்னாட்டு அலகு) என்பதும் மருந்து செய்யும் வேலையை அளப்பவை. 1920களின் தொடக்கத்தில் டொரன்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுத்தபோது குப்பியில் இருந்தது கலப்படமான சாறு, அதை எடை போட்டுப் பயனில்லை. பட்டினி போட்ட முயலுக்கு ஊசி போட்டு, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து யூனிட்டை வகுத்தார்கள். இன்று சுத்தமான மனித இன்சுலினில் ஒரு யூனிட் 0.0347 மில்லிகிராம் என்று எடையாகவும் சொல்ல முடிகிறது, ஆனாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு வைட்டமின் டி அட்டையை எடுத்து நீட்டினார். 60,000 ஐ.யூ. “இதுவும் ஜாஸ்தியோன்னு பயந்துகிட்டு ரெண்டு வாரமா போடலை.” வைட்டமின் டியில் 40 ஐ.யூ. சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். அந்த 60,000 மொத்தம் ஒன்றரை மில்லிகிராம். எடை கொஞ்சம் என்பதற்காக இஷ்டத்துக்கு விழுங்கவும் கூடாது, கொழுப்பில் கரையும் வைட்டமின் உடம்பிலேயே தங்கிச் சேரும். இன்னொரு வைட்டமினின் ஐ.யூ.வோடு இதை ஒப்பிடவும் முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஐ.யூ. வேறு.

தேவையில்லாத பயத்தால் வரும் கெடுதல் இப்படி மெதுவாக வரும். எதிர்ப்பக்கக் குழப்பம் ஒரே இரவில் ஆளைச் சாய்க்கும். இன்சுலின் குப்பி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதாகவும் வருகிறது, 100 யூனிட் உள்ளதாகவும் வருகிறது. சிரிஞ்சும் அதே மாதிரி இரண்டு வகை. 40க்கு உரிய சிரிஞ்சில் 100 யூனிட் குப்பியிலிருந்து 20 கோடு வரை இழுத்தால், கைக்கு வருவது அரை மில்லி. அதாவது 50 யூனிட். கோடு 20 என்றுதான் சொல்லும். மாற்றி, 100க்கு உரிய சிரிஞ்சில் 40 யூனிட் குப்பியிலிருந்து இழுத்தால் 20க்குப் பதில் 8தான் போகும், சர்க்கரை இறங்கவில்லையே என்று மருந்தைக் குறை சொல்வோம். குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க இரண்டு நொடி போதும்.

குழந்தைகளுக்கான பாராசிட்டமாலில் இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே எல்லோரும் ‘எத்தனை மில்லி?’ என்றுதான் கேட்கிறார்கள். 10 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 வீதம் 150 மில்லிகிராம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஆறேகால் மில்லி. 5 மில்லியில் 250 என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லிதான். பழைய சிரப்பின் கணக்கை நினைவில் வைத்துச் சொட்டு மருந்தில் ஆறேகால் மில்லி ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் போய்விடும். தொலைபேசியில் ‘ஒரு ஸ்பூன் குடு’ என்று சொல்கிறவர்கள் எந்தப் பாட்டில் என்று கேட்பதில்லை. வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுபோல இருப்பதும் இல்லை.

எழுத்தால் வரும் விபத்துகளையும் சொல்லிவிடுகிறேன். புள்ளி ஐந்து என்பதை முன்னால் பூஜ்யம் போடாமல் எழுதினால் ஐந்தாகப் படிப்பார்கள். 5.0 என்று எழுதினால் 50. யூனிட்டுக்குச் சுருக்கமாக ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது இன்னொரு பூஜ்யமாகத் தெரியும், 10 நூறாகிவிடும். தைராய்டு மாத்திரையில் 0.1 மில்லிகிராமும் 100 மைக்ரோகிராமும் ஒன்றேதான், புது அட்டையைப் பார்த்து ‘ஆயிரம் மடங்கு கூட்டிட்டாங்க’ என்று பதறுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, காலம். மூட்டு வாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரத்துக்கு ஒரு நாள்தான் கொடுப்பார்கள். அதே மாத்திரையைத் தினமும் போட்டு, வாய் முழுக்கப் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. மில்லிகிராம் சரியாகத்தான் இருந்திருக்கும்.

‘கரண்டு வைக்கிறது’ என்று நோயாளிகள் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையிலும் இதே கதைதான். மார்பகப் புற்றுக்கு 50 கிரே என்று சீட்டில் பார்த்துவிட்டு, ‘4 கிரேயே ஆளைக் கொல்லும்னு போட்டிருக்கே’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 4 முழு உடம்புக்கும் ஒரே தடவையில் பட்டால். இந்த 50 ஓர் இடத்துக்கு மட்டும், நாளுக்கு 2 வீதம் 25 நாள். நடுவில் கிடைக்கும் இடைவெளியில் நல்ல செல்கள் அறுந்த இழையைப் பெரும்பாலும் ஒட்டுப்போட்டுக்கொள்கின்றன, புற்றுச் செல்கள் அதில் சுணக்கம்.

போன மாதம் ஓர் அம்மா ஒரு நாள் வராமல் மறுநாள் வந்து, “நேத்து விட்டுப்போச்சு மேடம், இன்னைக்கு ரெண்டா சேர்த்து வச்சிடுங்க, கணக்கு சரியாயிடும்” என்றார். கூட்டினால் சரியாகத்தான் வரும். ஆனால் ஒரே மூச்சில் வைக்கும் 4 கிரே, இரண்டு நாளில் வைக்கும் 2ம் 2ம் ஆகாது என்று சொன்னேன். சில புற்றுகளில் நாள் நீள்வதே நல்லதில்லை, அங்கே ஆறு மணி நேரமாவது இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு முறை வைப்பதுண்டு. இவருக்கு அது தேவைப்படவில்லை. டாக்டரிடம் கேட்டு, கடைசியில் ஒரு நாளைச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை முடிய வேண்டியது திங்கட்கிழமை முடிந்தது.