காய்ந்ததும் வெளுக்கும் டீகால்

கிட்டார் செய்து பழகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பூச்சு எதுவும் அடிக்காத மகோகனி மர நெக் (கிட்டாரின் கழுத்து) ஒன்று வாங்கினேன். அதன் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் என் பெயரையே லோகோவாக வைக்க ஆசை. வாட்டர்ஸ்லைடு டீகால் என்ற ஒட்டுப்படத்தை அச்சடித்து, தண்ணீரில் நனைத்து ஒட்டினேன். ஒட்டியபோது படலம் இருப்பதே தெரியவில்லை. மறுநாள் பார்த்தால் எழுத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டுகள். தாள் மட்டமா, என் கை சரியில்லையா?"

இரண்டும் இல்லை. குற்றவாளி காற்று.

டீகாலில் மூன்று அடுக்கு. அடியில் காகிதம், அதன்மேல் டெக்ஸ்ட்ரின் என்ற பசை, அதாவது மாவுச்சத்தை வறுத்து உடைத்த பிசின், அதற்கும் மேல் ஒளிபுகும் மெல்லிய படலம். அச்சு விழுவது படலத்தின்மேல்தான். நனைத்தால் தண்ணீர் காகிதம் வழியே ஏறிப் பசையைக் கரைக்கும், படலம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். இங்க்ஜெட் மை தண்ணீரில் கலங்கும் என்பதால் நனைக்கும் முன் அக்ரிலிக் ஸ்பிரே அடிக்க வேண்டும். லேசர் டோனர் பிளாஸ்டிக், அதற்குத் தண்ணீர் பயமில்லை. சாதாரண பிரிண்டரில் வெள்ளை மையோ தங்க மையோ கிடையாது; அடர்நிற மகோகனியில் கறுப்பு எழுத்து அவ்வளவாக எடுபடாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் இருந்த லியோ ஃபெண்டரின் கிட்டார் தொழிற்சாலையும் டீகாலைத்தான் நம்பியிருந்தது. இன்னொரு கிட்டார் நிறுவனமான கிப்சன் தன் விலையுயர்ந்த கிட்டார்களில் முத்துச்சிப்பியை அறுத்துப் பதித்துக்கொண்டிருந்த காலம் அது. டீகால் மலிவு, அவசரத்துக்கும் உதவும். 1950இல் 'பிராட்காஸ்டர்' என்ற பெயரில் ஃபெண்டர் ஒரு கிட்டாரை இறக்கியது. கிட்டத்தட்ட அதே பெயரில் டிரம் விற்றுவந்த கிரெட்ச் நிறுவனம் ஆட்சேபித்தது. 1951இன் தொடக்கத்தில் ஃபெண்டர் ஆட்கள் கத்தரிக்கோலை எடுத்து, கையிருப்பு டீகால்களில் இருந்த மாடல் பெயரை நறுக்கிவிட்டு, 'ஃபெண்டர்' என்ற சொல்லை மட்டும் ஒட்டி அனுப்பினார்கள். 'டெலிகாஸ்டர்' என்ற புதுப் பெயர் ஒட்டப்படும்வரை மொட்டையாகப் போன அந்தக் கிட்டார்களை, சேகரிப்பவர்கள் இன்று 'நோகாஸ்டர்' என்று அழைத்துப் பெரும் விலை கொடுக்கிறார்கள். சிப்பியில் பதித்த பெயராக இருந்தால் கத்தரிக்கோலால் தீர்ந்திருக்காது.

இப்போது வெள்ளைத் திட்டுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது கொஞ்சம் திரும்பி வந்துவிடும். எவ்வளவு என்பதை இரண்டின் ஒளிவிலகல் எண்கள், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்கள், முடிவு செய்கின்றன. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்தினால் போதும். காற்றுக்கு 1, டீகால் படலத்துக்கு ஏறத்தாழ 1.5. 0.5ஐ 2.5ஆல் வகுத்தால் 0.2, வர்க்கம் 0.04. நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் திரும்புகிறது.

மகோகனியின் சைலக் குழாய்கள், அதாவது மரத்தில் தண்ணீர் ஏறும் நாளங்கள், வெறும் கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. மரத்தை இழைக்கும்போது அவை நெடுக்காகப் பிளந்து, மேற்பரப்பெங்கும் நுண்ணிய பள்ளங்களாகக் கிடக்கும். படலம் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்காமல் பாலம்போல மேலே நிற்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒளிக்கு இரண்டு எல்லைகள்: படலத்திலிருந்து காற்றுக்கு ஒன்று, காற்றிலிருந்து மரத்துக்கு ஒன்று. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் திரும்பி, கரடுமுரடான பரப்பில் பட்டுத் திசைக்கொன்றாகச் சிதறினால் கண்ணுக்கு அது வெள்ளை.

ஒட்டிய அன்று ஏன் தெரியவில்லை? பள்ளங்களில் அப்போது தண்ணீர் இருந்தது. தண்ணீரின் எண் 1.33. அதே கணக்கைப் போட்டால் படலத்தின் அடியில் திரும்பும் ஒளி 0.4 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது, ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இரவோடு இரவாகத் தண்ணீர் ஆவியாக, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. பஜ்ஜி மடித்த காகிதம் எண்ணெய் பட்ட இடத்தில் ஒளி ஊடுருவுவதும் இதே கணக்குதான்: காகித இழைகளுக்கு நடுவே இருந்த காற்றை எண்ணெய் வெளியேற்றிவிடுகிறது. தண்ணீர் பட்ட காகிதம் காய்ந்ததும் வெளுக்கும். எண்ணெய் காயாது, அதனால் வெளுக்காது.

ஆகவே நமக்கு வேண்டியது, எண் 1.5க்குப் பக்கத்தில் இருக்கிற, உலர்ந்தாலும் ஓடிப்போகாத ஒரு பொருள். மரப் பாலிஷ் கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்: துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலரும், மேலே அடிக்கும் ஒளிபுகும் பூச்சான என்.சி. லேக்கரும். என்.சி. என்பது நைட்ரோசெல்லுலோஸ். அதன் எண் சுமார் 1.51. இந்த எண்ணைச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: திரும்பும் ஒளி லட்சத்தில் ஒரு பங்குதான்!

ஒட்டியிருப்பதை ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்துவிடுங்கள். உரிக்காமல் அதன்மேல் லேக்கர் அடித்தால் உள்ளே சிக்கிய காற்று அங்கேயே நிரந்தரமாகத் தங்கும். மரம் நன்றாகக் காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, துளைகள் நிரம்பும்வரை சீலர் ஏற்றி, மேலே லேக்கர் அடித்துத் தேய்த்து மட்டமாக்கிய பிறகு டீகாலை ஒட்டுங்கள். அதன்மேல் மறுபடி லேக்கர். முதல் சில கோட்டுகள் பனித்தூறல் மாதிரி இருக்கட்டும். லேக்கரைக் கரைத்து வைத்திருக்கும் தின்னர் மொத்தமாக இறங்கினால் படலம் சுருண்டுவிடும். ஒவ்வொரு கோட்டும் அடியில் இருப்பதை லேசாகக் கரைத்து அதோடு பின்னிக்கொள்ளும். பத்துக் கோட்டு அடித்தாலும் கடைசியில் இருப்பது ஒரே அடுக்கு. நன்கு உலரவிட்டு மேற்பரப்பை மட்டம் தட்டினால் டீகாலின் விளிம்பும் மறைந்துவிடும். விளிம்பு அங்கேயேதான் இருக்கிறது; அதிலிருந்து கண்ணுக்கு வந்து சேர ஒளிதான் இல்லை.

கிட்டார்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு: என்.சி. பூச்சுக்குள் மரம் 'மூச்சுவிடுமாம்', அதனால் நாதம் கூடுமாம். வெட்டிய மரம் மூச்சுவிடாது. காற்றின் ஈரத்தை வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். எந்தப் பூச்சும் அதைத் தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. யாராவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாசித்து எது என்.சி. என்று பிரித்துச் சொல்லும்வரை நான் நம்புவதாக இல்லை. கார்களுக்காக 1920களில் டூபான்ட் என்ற ரசாயன நிறுவனம் பரப்பிய ரகப் பூச்சு இது, சீக்கிரம் காயும் என்பதே அதன் பெருமை. அந்த நாளில் எவரும் கார் மூச்சுவிடுவதாகச் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் அடிப்பவர்கள் இன்னொரு வெளுப்பையும் பார்ப்பார்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்து, நுண்துளிகளாக லேக்கருக்குள் மாட்டிக்கொள்ளும். பூச்சு பால்போல மங்கும். டீகாலில் பார்த்த அதே சிதறல். சூடு காட்டிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், என்.சி. சுலபமாகத் தீப்பிடிக்கும். ஈரம் குறைந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மேலே லேசாகத் தெளித்தால் லேக்கர் மறுபடி இளகி, ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். இறுகியபின் கரையாத பாலியூரித்தேன் என்ற இன்னொரு வகைப் பூச்சில் இந்தச் சலுகை கிடையாது.