கேலிபரேஷன் ‘அளவுத்திருத்தம்’ ஆகாது

செல்போன் கோபுரத்துக் கருவி ஒன்றின் தமிழ்க் கையேட்டில் ஒரு வரி: “திறன் பெருக்கியின் சுய அளவுத்திருத்தம் வெற்றிகரமாக முடிந்தது.” திறன் பெருக்கி (பவர் ஆம்ப்ளிஃபயர்) என்பது ஆன்டெனாவுக்குப் போகும் சமிக்ஞையை வலுவாக்கும் பகுதி. இந்தக் கையேட்டில் மட்டுமா? கைபேசியின் திசைகாட்டிக்கு அளவுத்திருத்தம், பிரிண்டருக்கு அளவுத்திருத்தம், எடை பார்க்கும் இயந்திரத்துக்கும் அதே. கேலிபரேஷன் என்று எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இதையே போடுகிறார்கள். படிப்பவர் என்ன நினைப்பார்? அளவு தப்பாக இருந்தது, திருத்தியாகிவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதான். கேலிபரேஷன் அப்படி எந்த உறுதியும் தருவதில்லை.

சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அரபியில் ‘காலிப்’ என்றால் வார்ப்பு அச்சு. அது இத்தாலி, பிரெஞ்சு மொழிகள் வழியாக வந்து துப்பாக்கிக் குழாயின் உள்விட்டத்தைக் குறிக்கும் ‘கேலிபர்’ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகி, வெப்பமானிக் குழலுக்கும் வந்தது. குழலுக்குள் சிறு பாதரசத் துண்டை நகர்த்திப் பார்ப்பார்கள். அது நீளும் இடத்தில் குழல் குறுகல், சுருங்கும் இடத்தில் அகலம். குழலை யாரும் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது. அதன் குணத்தைக் கண்டு குறித்துவைத்தார்கள்.

இன்றைய வரையறையும் அதைத்தான் சொல்கிறது. அளவையியலின், அதாவது அளவிடும் அறிவியலின், பன்னாட்டுச் சொற்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்பு 2008இல் வந்தது. அதன்படி, நியம அளவு (ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் நம்பகமான அளவு) தரும் மதிப்புக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் உள்ள உறவை, இரண்டிலும் உள்ள ஐயப்பாட்டோடு (எவ்வளவு விலகியிருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டோடு) சேர்த்து நிறுவுவதுதான் கேலிபரேஷன். அங்கேயே ஒரு குறிப்பும் உண்டு: கருவியைச் சரிசெய்வதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது; அந்தச் சரிசெய்தலைத்தான் பலர் தவறாக ‘செல்ஃப் கேலிபரேஷன்’ என்கிறார்கள். மூலமொழிக்காரர்களே எச்சரித்த குழப்பத்தை நாம் சொல்லுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டோம்.

திறன் பெருக்கியில் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். கைபேசிக்குள்ளும் ஒரு திறன் பெருக்கி உண்டு. எல்டிஇ (4ஜி) கைபேசிகளில் பெரும்பாலானவை அதிகபட்சம் 23 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபலில் சொல்லும் திறன்), அதாவது 200 மில்லிவாட் அனுப்ப வேண்டும். 2 டெசிபல் கூடவோ குறையவோ அனுமதி உண்டு. கிட்டத்தட்ட 125 முதல் 315 மில்லிவாட் வரை. சூடு ஏறினால் பெருக்கம் மாறும், பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் மாறும், ஆன்டெனாவைக் கை மூடினாலும் மாறும். அதனால் பெருக்கியின் வெளியே போகும் வழியில் சமிக்ஞையில் சிறு பங்கைப் பிரித்தெடுக்கும் கப்ளர் ஒன்றை வைத்து, நூற்றில் ஒரு பங்கு போல எடுத்து, திறனை உணரும் ஒரு டிடெக்டருக்குக் கொடுப்பார்கள். டிடெக்டர் மின்னழுத்தமாகச் சொல்லும். அது ஒரு எண்ணாக மாறும்.

அந்த எண் எத்தனை மில்லிவாட் என்று டிடெக்டருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் ஆன்டெனா முனையில் வெளிப் பவர் மீட்டரை மாட்டி, திறனைப் படிப்படியாக ஏற்றி, மீட்டர் காட்டியது இது, டிடெக்டர் சொன்னது இது என்று அட்டவணை எழுதி நினைவகத்தில் வைக்கிறார்கள். அந்த அட்டவணை போடுவதுதான் கேலிபரேஷன். பிறகு கைபேசி உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போது, டிடெக்டர் எண்ணைப் படித்து அட்டவணையைப் பார்த்துப் பெருக்கத்தைக் கூட்டியும் குறைத்தும் 23க்குக் கொண்டுவருகிறதே, அது சரிசெய்தல். இரண்டும் வேறு வேறு வேலை.

டிடெக்டரே வெப்பத்தில் 1 டெசிபல் நகர்ந்துவிட்டால்? பெருக்கி தன்னைத் ‘திருத்திக்கொண்டு’ 1 டெசிபல் தப்பாக அனுப்பும், கருவி தன்னைத்தானே சோதிக்கும் தற்சோதனையும் தேறிவிடும். வெளியீட்டைத் தணித்து அதே சில்லின் ரிசீவருக்குத் திருப்பிவிட்டுச் சோதிக்கும் முறையிலும் இதே ஆபத்து: பெருக்கி 1 டெசிபல் ஏறி, ரிசீவர் 1 டெசிபல் இறங்கியிருந்தால் மொத்தம் மாறவே மாறாது. இந்த நிலையில் திரையில் “அளவுத்திருத்தம் வெற்றி” என்று வந்தால் அது பொய்.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அளவையியலில் ‘திருத்தம்’ தனிக் கலைச்சொல்: தெரிந்த பிழையை ஈடுகட்டக் காட்டலோடு கூட்டும் மதிப்பு. கேலிபரேஷன் சான்றிதழில் அது ஒரு தனிப் பத்தியாகவே வருவது உண்டு. கேலிபரேஷனையும் திருத்தம் என்று விட்டால், “அளவுத்திருத்தச் சான்றிதழில் உள்ள திருத்தத்தை அளவுத்திருத்தம் செய்த கருவிக்குச் சேர்க்கவும்” என்றுதான் எழுத வேண்டிவரும். இதில் யாருக்கு என்ன புரியும்?

“புழங்கிப்போச்சு, விடுங்கள்” என்பார்கள். எங்கே புழங்கியது? ஆய்வகத்தில் “கேல் பண்ணியாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். புழங்குவது மொழிபெயர்ப்பு மென்பொருளிலும், அதை நகலெடுக்கும் கையேடுகளிலும்தான். வாழும் சொல்லாக இருந்தால் நானும் தலைவணங்கியிருப்பேன்.

கடைத் தராசில் நம்மவர்களுக்கு இந்தத் தெளிவு எப்போதோ வந்துவிட்டது. எடையளவு அதிகாரி நியம எடைக்கல்லை வைத்துப் பார்த்து, பிழை அனுமதிக்குள் இருந்தால் முத்திரை வைப்பார். பழுது பார்க்க உரிமம் பெற்றவர் வேறு. முத்திரை வைப்பது சரிபார்ப்பு. அதுவும் கேலிபரேஷன் அல்ல என்பது சரிதான். ஆனால் பார்ப்பது ஒன்று, திருத்துவது வேறொன்று என்று அங்கே யாரும் குழம்புவதில்லை.

என் வாக்கு ‘அளவொப்பீடு’ என்ற சொல்லுக்கு. நியமத்தோடு ஒப்பிடுவது அதில் வெளிப்படையாக இருக்கிறது. வினையாகவும் வரும்: அளவொப்பிட்டான், அளவொப்பிட்ட மீட்டர். ‘அளவுகோடிடல்’ என்பதும் நல்ல சொல்தான், வெப்பமானிக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் சில்லுக்குள் கோடு எங்கே கிழிப்பது?

கூடவே வரும் சொற்களையும் சொல்லியாக வேண்டும். ‘பவர்’ இங்கே திறன். அதை ‘ஆற்றல் பெருக்கி’ என்றால் பள்ளி இயற்பியலே தகராறு செய்யும். ‘ரேடியோ அதிர்வெண்’ போதும், அதை ‘வானொலி அதிர்வெண்’ ஆக்கினால் ஒலிபரப்பு நினைவுக்கு வருகிறது. ‘உள்ளமைக்கப்பட்ட சுய பரிசோதனை’ என்று நாக்கு சுளுக்க எழுதுவானேன்? ‘உள்ளமை தற்சோதனை’ என்றால் முடிந்தது. பெருக்கி தானே செய்துகொள்ளும் சரிசெய்தலுக்குத் ‘தற்சீரமைப்பு’. தொழிற்சாலையில் வெளி மீட்டரோடு நடப்பதற்கு மட்டும் அளவொப்பீடு.

அந்தக் கையேட்டு வரியை நான் இப்படி எழுதுவேன்: “திறன் பெருக்கியின் தற்சீரமைப்பு முடிந்தது. கடைசியாக அளவொப்பிட்ட தேதி:”