பயமெல்லாம் வெங்காயத்தில், சர்க்கரை 340

2021 மே மாதக் கடைசி. பாலக்கோடு பக்கத்தில் நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, 55 வயது இருக்கும், ஒரு அம்மா வந்தார். கொரோனா வந்து தேறி 3 வாரம் ஆகியிருந்தது. கையில் இருந்த பிளாஸ்டிக் கவரை முடிச்சு அவிழ்க்காமலே மேஜை ஓரத்தில் வைத்தார்.

"சார், இதுல கருப்பு பூஞ்சை கீதுங்க. வூட்டுல இருந்த அரை மூட்டையையும் குழி தோண்டிப் புதைச்சிட்டோம். உங்ககிட்ட காட்டலாம்னு இதை மட்டும் எடுத்தாந்தேன்."

உள்ளே இரண்டு பெரிய வெங்காயம். மேல்தோலுக்கு அடியில் கரித்தூள் பூசினாற்போல் கருப்பு. நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகக் கழுவிவிட்டு நறுக்கும் அதே கருப்புதான். மண்ணிலிருந்து வரும் வேறொரு பூஞ்சை அது. அந்த வாரம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஒரு செய்தி, கொரோனா வந்தவர்களைத் தாக்கும் கருப்புப் பூஞ்சை வெங்காயத்திலும் ஃப்ரிட்ஜ் ரப்பரிலும் இருக்கிறது என்றது. அதை நம்பி அரை மூட்டை மண்ணுக்குள் போய்விட்டது.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 340. கொரோனாவுக்கு 10 நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கிறார். அத்தனை மாத்திரையோடு இது வேறு எதற்கு என்று சர்க்கரை மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டிருக்கிறார். ஸ்டீராய்டும் ஏறிய சர்க்கரையும்தான் இந்தக் கருப்புப் பூஞ்சை நோய்க்கு வழிவிடுபவை. அவருக்கு ஆபத்து ரத்தத்தில் இருந்தது. அவர் பயந்தது வெங்காயத்தைப் பார்த்து.

இதற்கு அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் அப்படி. நோயின் சரியான பெயர் மியூகார்மைகோசிஸ். அந்தப் பூஞ்சை உண்மையில் கருப்பே கிடையாது. ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். ரத்தம் போகாத சதை செத்துக் கருக்கும். கருப்பு என்பது நோயாளியின் செத்த சதையின் நிறம். ஆனால் மியூகார்மைகோசிஸ் என்ற பெயர் யார் வாயில் நுழையும்? 'பிளாக் ஃபங்கஸ்' நுழையும். போன் திரையில் பெரிய எழுத்தில் அடங்கும். தமிழில் அப்படியே 'கருப்புப் பூஞ்சை' ஆனது. பெயரில் நிறம் வந்ததும் ஜனங்கள் வீட்டில் கருப்பாக இருப்பதையெல்லாம் தேட ஆரம்பித்தார்கள். அதே மாதத்தில் வெள்ளைப் பூஞ்சை வந்தது, மஞ்சள் பூஞ்சை வந்தது. நிறத்தை வைத்துப் பேசாதீர்கள், குழப்பம்தான் வரும் என்று அப்போது எய்ம்ஸ் இயக்குநராக இருந்த ரன்தீப் குலேரியா கேட்டுக்கொண்டார். அதற்குள் சொல் ஊருக்குள் வந்துவிட்டது.

சொல் எந்தப் பக்கம் கை காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் பயம் ஓடும். அந்த இரண்டு வருடம் ஓ.பி. பார்த்ததில் நான் கற்றுக்கொண்டது இது. அதனால்தான் ஒரு மருத்துவர் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

கோவிட்-19 என்ற பெயரை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2020 பிப்ரவரி 11 அன்று. கொரோனாவின் 'கோ', வைரஸின் 'வி', டிசீஸ் என்பதன் 'ட்', நோய் தெரியவந்த 2019. ஊர் பெயரோ, விலங்கின் பெயரோ, ஒரு கூட்டத்தாரின் பெயரோ நோய்க்கு வைக்கக் கூடாது என்று 2015-லேயே வழிமுறை வகுத்திருந்தார்கள். யோசித்து வைத்த பெயர். அதன்பின் சமூக ஊடகத்தில் பரவியவை அப்படி யோசித்து வைத்தவை அல்ல. விதியை மதிக்காதவரைத் திட்ட, கோவிட்டோடு இடியட் சேர்ந்து 'கோவிடியட்'. முகக்கவசம் உரசி வரும் பருவுக்கு, மாஸ்க்கோடு ஆக்னே சேர்ந்து 'மாஸ்க்னே'. ராத்திரி தூங்காமல் கெட்ட செய்தியாகவே தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்கு 'டூம்ஸ்க்ரோலிங்'. வேக்சின் சுருங்கி 'வேக்ஸ்' ஆனது. அதையே ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் 2021-இன் சொல்லாக எடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு சொல் போதாது என்று எந்த ஒன்றையும் தனியாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

தமிழில் இரண்டு சொல் புணர்ந்தால் இரண்டும் கண்ணுக்குத் தெரியும். பெருந்தொற்று என்றால் பெரிய தொற்று. ஊரடங்கு என்றால் ஊர் அடங்குவது. படிக்காத பாட்டிக்கும் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இப்படிச் செய்யும்போது ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டு எங்கே என்று அந்த மொழி தெரிந்தவருக்கு உடனே விளங்கும். நம் ஊருக்கு வரும்போது அது ஒரே முழுச் சொல்லாக, இதுவரை கேள்விப்படாத ஏதோ ஒன்றின் பெயராக வந்து நிற்கிறது.

2022 ஜனவரியில் 'ஃப்ளுரோனா' அப்படித்தான் வந்தது. இஸ்ரேலில் ஒரு கர்ப்பிணிக்கு ஃப்ளு காய்ச்சலும் கொரோனாவும் ஒரே நேரத்தில் இருந்தது தெரியவந்தது. ஃப்ளுவின் தலை, கொரோனாவின் வால். அவ்வளவே, புது வைரஸ் எதுவும் இல்லை. அந்த வாரம் ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் ஒருவர், காய்ச்சல் அடிக்கும் 4 வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "டாக்டர், இது ஃப்ளுரோனாவா? அதுக்கு மருந்தே இல்லையாமே?" குழந்தைக்குச் சளிக் காய்ச்சல். ஓ.பி. சீட்டின் பின்பக்கம் அந்தச் சொல்லை எழுதி நடுவில் ஒரு கோடு போட்டுக் காட்டினேன். சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டும் தனித்தனியா நமக்குத் தெரிஞ்சதுதானே" என்றார். தோளில் இருந்த பிள்ளையை அப்போதுதான் மடிக்கு இறக்கினார்.

பயம் மட்டுமில்லை, பொய்யான தைரியமும் சொல்லால் வரும். 2020 ஏப்ரல் 30 தேதியிட்ட மத்திய அரசின் பட்டியலில் தமிழகத்தின் ஒரே பச்சை மண்டலம், அதாவது தொற்று இல்லாத மாவட்டம், கிருஷ்ணகிரி. 'நாங்க பச்சைங்க' என்று அந்த மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்து ஆட்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த சில நாளிலேயே அந்த மாவட்டத்திலும் தொற்று வந்துவிட்டது.

சமூக ஊடகச் சொல் எல்லாமே கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு நோயாளிக்குத் தவறு செய்தேன்.

மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் பெண் அவர், 38 வயது. 2020 செப்டம்பரில் கொரோனா வந்து தேறியவர். ஜனவரியில் வந்து, "குழாயடியில இருந்து ஒரு குடம் தூக்கியாந்தா ரெண்டு இடத்துல உக்கார வேண்டியிருக்கு சார்" என்றார். ஆக்சிஜன் 98. எக்ஸ்ரே சுத்தம். எல்லாம் நார்மல், மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க என்று அனுப்பினேன். ஆலையில் சோம்பேறி என்றார்களாம். வீட்டிலும் அதே பேச்சு. டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார் என்பது அவர்களுக்குச் சாட்சி ஆகிவிட்டது.

மார்ச்சில் கல்லூரியில் படிக்கும் மகள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். 'லாங் கோவிட்', அதாவது நீண்ட கோவிட். அம்மாவுக்கு இருப்பதெல்லாம் அதில் ஒவ்வொன்றாக எழுதியிருந்தது.

அந்தச் சொல்லை உண்டாக்கியது எந்த மருத்துவரும் அல்ல. 2020 மே மாதம் எலிசா பெரேகோ என்ற இத்தாலியத் தொல்லியல் ஆய்வாளர், தனக்கு நோய் விட்டபாடில்லை என்பதைச் சொல்ல, ட்விட்டரில் ஹேஷ்டேகாகப் போட்டது. இரண்டே சின்னச் சொல். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. எங்கெங்கோ தனித்தனியாகக் கிடந்த நோயாளிகள் அந்தச் சொல்லின் கீழ் ஒன்றுசேர்ந்தார்கள். செய்தித்தாளும் மருத்துவ இதழ்களும் பின்னால் வந்தன. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறையே வெளியிட்டது: தொற்று வந்து பொதுவாக 3 மாதம் ஆன பிறகும் இருந்து, குறைந்தது 2 மாதம் நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள். அவர்கள் வைத்த பெயர் வேறு, நீளமானது. நோயாளிகள் வைத்ததுதான் நிலைத்தது.

"இதுக்குப் பேர் இருக்குதாங்க சார்?" என்று அந்தப் பெண் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் பார்த்து, வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தோம். ஒரே மூச்சில் வேலை செய்யாமல் இடையில் ஓய்வெடுத்துச் செய்யச் சொன்னோம். ஆலைக்கு ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். ஜனவரியிலேயே கொடுத்திருக்க வேண்டியது.

அதிலிருந்து யார் புதுச் சொல்லோடு வந்தாலும் சிரித்து அனுப்புவதில்லை. எங்கே பார்த்தீர்கள், அதில் என்ன போட்டிருந்தது, உங்களுக்கு அதில் எது இருக்கிறது என்று கேட்கிறேன். நீங்களும் வீட்டில் இப்படிக் கேட்கலாம். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். அது நோயின் பெயரா, ஊர் வைத்த பட்டப்பெயரா என்று ஒரு செவிலியரிடமாவது விசாரித்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒன்று. முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, மரத்துப்போதல், கண் வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், மூக்கிலிருந்து கருப்பாகவோ ரத்தமாகவோ வடிதல், காரணமில்லாமல் மேல்வரிசைப் பல் ஆடுதல். இதில் ஒன்று இருந்தாலும் வாட்ஸ்அப்பில் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை மாத்திரைச் சீட்டையும் எடுத்துப் போங்கள். வெங்காயத்தைக் கழுவிவிட்டு நறுக்குங்கள்.