ஃபயர்வால் காட்டும் விபிஎன் பட்டியலை வாசிப்பது எப்படி?

வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகம். கணக்குப் பார்ப்பவர் அம்பாசமுத்திரத்திலும் மென்பொருள் எழுதுபவர் வள்ளியூரிலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். அலுவலக சர்வருக்குள் அவர்கள் வருவது விபிஎன் வழியாக, அதாவது பொது இணையத்தின் மேலேயே பூட்டி அனுப்பும் தனிப் பாதை வழியாக. இப்போது எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்று, வாசலில் நின்று போக்குவரத்தைக் காவல் காக்கும் கருவியான ஃபயர்வாலைக் கேட்டால் ஓர் எண் வரும். அந்த எண்ணை மட்டும் நம்பி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

விபிஎன்னில் இரு முனைகளுக்கும் நடுவே நிரந்தரமாக இழுத்துக் கட்டிய கம்பி எதுவும் கிடையாது. இருவரும் ஒத்துக்கொண்ட ரகசியச் சாவி, எதிர்முனையின் முகவரி, கடைசியாகத் தரவு வந்த நேரம் ஆகியவை ஃபயர்வாலின் நினைவகத்தில் பதிந்திருக்கும். அமர்வு என்பது அந்தப் பதிவுதான். ஆனி, ஆடியில் மலையடிவாரத்தில் காற்று வீசும்போது மின்சாரம் போய் மோடம் அணைந்தால், விடைபெறும் செய்தி ஃபயர்வாலுக்கு வந்து சேராது. பதிவு அப்படியே நிற்கும். சிஸ்கோ நிறுவனத்தின் ஏஎஸ்ஏ வகை ஃபயர்வாலில் எதிர்முனை பதில் தராவிட்டாலும், பயனர் திரும்பி வந்து தொடரக்கூடும் என்று அமர்வை அது வைத்திருக்கும். யாரும் மாற்றாதவரை, தரவு ஓடாமல் சும்மா இருக்க அமர்வுக்குத் தரும் கெடு 30 நிமிடம்.

ஆகவே தலையை எண்ணுவதைவிட பைட்டுகளைப் பார்ப்பதே மேல். ஏஎஸ்ஏயின் கட்டளை வரியில் (எழுத்தாகத் தட்டிக் கட்டளை தரும் திரையில்) 'ஷோ விபிஎன்-செஷன்டிபி எனிகனெக்ட்' (show vpn-sessiondb anyconnect) என்று தட்டினால் பயனர் பெயர், உள் முகவரி, வெளி முகவரி, நுழைந்த நேரம், அனுப்பிய பைட், பெற்ற பைட் எல்லாம் வரும். ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் தட்டுங்கள். எண்கள் நகர்ந்திருந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது. இங்கே திசை முக்கியம்: 'அனுப்பியது' என்பது ஃபயர்வால் பயனருக்கு அனுப்பியது. நள்ளிரவில் அது மட்டும் மளமளவென்று ஏறினால், அலுவலகக் கோப்புகள் வெளியே போய்க்கொண்டிருக்கலாம். யார், எதற்காக என்று உடனே விசாரிக்க வேண்டும்.

சங்கரன்கோவில் கிளையை ஐபிசெக் என்ற விபிஎன் முறை வழியாக இணைத்திருந்தால் கணக்கு வேறு. தரவை எந்தச் சாவியால் பூட்டுவது என்பதற்கு, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என இரண்டு ஒருவழி உடன்பாடுகள். ஒவ்வொன்றுக்கும் 32 பிட் அடையாள எண். அனுப்பியது ஏறிக்கொண்டே போய், பெற்றது பூஜ்யத்திலேயே நின்றால், பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தின் ரூட்டிங்கிலோ (தரவு போகும் வழியைத் தீர்மானிக்கும் அமைப்பிலோ) அங்கிருக்கும் தடுப்பு விதியிலோதான் கோளாறு.

2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள் வந்த வயர்கார்டு என்ற விபிஎன் முறை இன்னும் சிக்கனமானது. அதில் 'இணைந்தார்', 'பிரிந்தார்' என்ற நிலைகளே இல்லை. 'டபிள்யூஜி ஷோ' (wg show) என்ற கட்டளை காட்டுவது கடைசியாகச் சாவி மாற்றிக்கொண்ட நேரத்தை. தரவு ஓடும்போது ஏறத்தாழ 2 நிமிடத்துக்கு ஒருமுறை சாவி புதுப்பிக்கப்படும். 3 நிமிடம் கடந்த சாவி செல்லாது. எனவே 'பத்து நிமிடம் முன்பு' என்று காட்டினால் பழுது என்று பதற வேண்டாம். அந்தப் பக்கம் பேச எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

வெளி முகவரியை வைத்து ஆளைச் சந்தேகிப்பது பலர் செய்யும் அநியாயம். கைபேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதனால் வள்ளியூர்க்காரர் சென்னையில் இருப்பதாகத் தெரியலாம். இருவர் ஒரே முகவரியில் வரவும் கூடும். ஒரே பயனர் பெயர், ஒரே நேரத்தில், இரண்டு வெவ்வேறு இணைய நிறுவனங்களின் இணைப்புகளிலிருந்து வருகிறதா? அதைக் கவனியுங்கள். வீட்டுக் கணினியும் கைபேசியும் சேர்ந்தேகூட அப்படிக் காட்டும் என்பதால், முதலில் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

இணையப் பக்கத்தில் படமாகக் காட்டும் வசதி இருக்கும்போது கட்டளை வரி எதற்கு? தொலைவிலிருந்து பாதுகாப்பாகக் கட்டளை வரிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச், மெலிந்த சிக்னலிலும் ஓடும். வந்த விடையை எழுத்துக் கோப்பாகச் சேமித்து, நேற்றையதோடு வரிக்கு வரி ஒப்பிடலாம்.

அந்நியர் ஒருவர் உள்ளே இருப்பது உறுதியானால் முதலில் அந்தக் கணக்கை முடக்குங்கள், அதன் பிறகு அமர்வை வெட்டுங்கள். வரிசை மாறினால், அவர் அதே கடவுச்சொல்லோடு அடுத்த நொடியே திரும்ப நுழைந்துவிடுவார்.