புனிறு: மேட்ரெசன்ஸுக்கு நம்மிடம் இருக்கும் பழைய சொல்

தங்கச்சிக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து மூன்றாவது வாரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பெரியம்மா வீட்டில் வைத்துத்தான் பத்தியம் பார்க்கிறோம். ஒருநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தபோது போனை என் பக்கம் நீட்டி, "அக்கா, இந்த மேட்ரெசன்ஸுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறக்கிறாள், அரிசி டின்னுக்குள் வீட்டுச் சாவியைப் போட்டுவிட்டுத் தேடுகிறாள், ஆனால் நடு அறையில் ஸ்பிரிங் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை லேசாக முனகினால் போதும், நாங்கள் யாரும் காதில் வாங்குவதற்கு முன்பே எழுந்து போய்விடுகிறாள். தனக்கு என்ன ஆகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருத்தி தாயாகிற இந்த மாற்றத்துக்கு ஆங்கிலத்தில் மேட்ரெசன்ஸ் (matrescence) என்று ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே அவளுக்குப் பாதி நிம்மதி.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். டேனா ராபியேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1970களில் உண்டாக்கியது. பிரசவத் துணைக்கு வரும் பெண்ணை டூலா என்று அழைக்கும் வழக்கத்தைப் பரப்பியவரும் அவர்தான். லத்தீனில் மாட்டெர் என்றால் தாய். பின்னால் வரும் வால், கேக்கில் ஊற்றுகிற எசன்ஸ் இல்லை. அடோலசென்ஸ் என்று விடலைப் பருவத்தைச் சொல்கிறார்களே, அந்தச் சொல்லில் இருக்கும் அதே வால். ஒன்றாக ஆகிக்கொண்டே இருப்பது என்று பொருள் தரும். பிள்ளை பிறந்த நிமிடத்தில் ஒருத்தி முழுத் தாயாகிவிடுவதில்லை, பதின்ம வயது போல அதுவும் உடம்பும் மனசும் மாறுகிற ஒரு நீண்ட காலம் என்பதைத்தான் ராபியேல் அந்த வாலில் வைத்தார்.

அவர் வைத்த ஒப்புமை பின்னாளில் மூளைப் படத்திலேயே தெரிந்தது. 2016இல் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் இருக்கும் ஆய்வாளர்கள், முதல்முறை தாயாகிற 25 பெண்களின் மூளையைக் கருத்தரிப்பதற்கு முன்பும் பிரசவத்துக்குப் பிறகும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். மற்றவர் மனதை, முகத்தை, தேவையைப் புரிந்துகொள்ள உதவும் இடங்களில் மூளையின் சாம்பல் நிறப் பகுதி குறைந்திருந்தது. ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டே யார் பிள்ளை பெற்றவர், யார் பெறாதவர் என்று பிரித்துவிடும் அளவுக்கு அது தெளிவாக இருந்தது, 2 வருடம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. குறைவு என்றதும் பயப்பட வேண்டாம். அந்தப் பெண்களின் நினைவாற்றல் சோதனைகளில் சரிவு எதுவும் தெரியவில்லை. கிளைகளைக் கழித்துவிட்டால் மரம் வேறு மாதிரி துளிர்க்குமே, அந்த மாதிரி சீரமைப்பாக இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. பதின்ம வயதிலும் மூளை இப்படித்தான் தன்னைக் கழித்துக்கொள்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, மாற்றங்கள் மிகவும் ஒத்திருக்கின்றன என்று சொன்னது.

சரி, தமிழுக்கு வருவோம். தாய்மை என்று சொன்னால் அது நிலை, மாற்றம் இல்லை. தாய்மை அடைதல் என்றால் நம் பேச்சில் கருத்தரித்தல் என்றாகிவிடும். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வைத்தோம், ஏழும் வயதுக் கணக்கு. தாயாவதற்கு அதில் தனி இடம் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அப்புறம்தான் புனிறு நினைவுக்கு வந்தது.

தொல்காப்பியம், சொல்லதிகாரம், உரியியலில் புனிறு என்ற சொல்லுக்குப் பொருள் ஈன்றணிமை என்று நேராகவே இருக்கிறது. ஈன்ற அணிமை, அதாவது பெற்றெடுத்து அதிக நாள் ஆகாத நிலை. புனிற்றா என்றால் கன்று ஈன்ற புதுசில் இருக்கும் பசு. அகநானூற்றின் 56ஆம் பாட்டில் ஒரு பாணன் தெருவில் வருகிறான், ஒரு புனிற்றா அவன் மேல் பாய்கிறது, அவன் கையிலிருந்த யாழைப் போட்டுவிட்டுத் தலைவியின் வீட்டுக்குள் ஓடிவந்துவிடுகிறான். பெண்ணுக்கு, பசுவுக்கு, புலிக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சொல்தான். பாலூட்டிகள் அத்தனைக்கும் பொதுவான ஒன்று இங்கே நடக்கிறது என்பதைச் சொல்லே ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறது, அதனால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிரியம்.

அந்தப் பாணன் பட்டதை நானும் பட்டிருக்கிறேன். தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நான்கு மாடு வைத்திருந்தார். அதில் கறுப்பு மாடு ஒன்று, நாங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாலும் அசையாது. அது கன்று போட்ட மறுநாள் நான் கன்றைத் தொடலாம் என்று கிட்டே போனேன். கன்றின் முதுகு நக்கி நக்கி ஈரமாக, மயிர் ஒரே பக்கமாகப் படிந்திருந்தது. மாடு தொண்டைக்குள்ளேயே மெதுவாக ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது, அதற்கு முன் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. என்னைப் பார்த்ததும் சத்தம் நின்றது, தலை தாழ்ந்தது. பாட்டி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "பச்சை உடம்புக்காரி, கிட்டப் போகாதே" என்றார். மாட்டைத்தான் சொன்னார். பிள்ளை பெற்ற பெண்ணுக்கு நாம் சொல்கிற அதே சொல்லை.

அந்த மாட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்று செம்மறியாடுகளை வைத்து நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டி வெளியே வரும்போது பிறப்பு வழி விரிகிறது, அந்த உணர்வு மூளைக்குப் போய் அங்கே ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, மோப்பப் பகுதி திறந்துகொள்கிறது. ஏறக்குறைய 2 மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையைத் தாய் பதித்துக்கொள்கிறது. அதன் பிறகு வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். நம் ஊர்க்காரர்கள் கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலை அடைத்துத் தோற்கன்று செய்து பசுவின் முன் நிறுத்திப் பால் கறப்பார்களே, வாசனைக்கும் பால் சுரப்புக்கும் உள்ள இந்த உறவை வைத்துத்தான் அது.

ஆக்ஸிடோசின் என்பது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், விரைந்த பிறப்பு என்று பொருள். 1906இல் ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைக்கிறது என்று கண்டார், பெயர் அதிலிருந்து வந்தது. பால் கசிய வைப்பதும் அதே பொருள்தான். இதற்கும் நம்மிடம் இலிற்றுதல் என்று அழகான ஒரு சொல் கிடக்கிறது. அந்தக் காலத்தில் மரம் வெட்டப் போகும் அம்மாக்கள் கைப்பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். இடையில் பால் கொடுக்க வரும்போது, கொட்டகைக்குள் யார் பிள்ளை அழுதாலும் வரப்பிலேயே சட்டை நனைந்துவிடும் என்று பாட்டி சொல்லுவார். 2015இல் நியூயார்க்கில் சுண்டெலிகளிடம் பார்த்ததும் இதை ஒட்டியதுதான்: குட்டி போடாத பெண் எலிகள் குட்டியின் அழைப்பைப் பொருட்படுத்தாது, ஆனால் மூளையின் இடப்பக்கச் செவிப்பகுதியில் ஆக்ஸிடோசினைச் செலுத்தியபோது குட்டியைக் கவ்வி வரச் சீக்கிரமே கற்றுக்கொண்டன. என் தங்கச்சியின் காது இப்போது எப்படி இருக்கிறதோ அப்படி.

பெற்றவளுக்கு மட்டும்தானா இது என்று பெரியம்மா கேட்டார், அவர் எடுத்து வளர்த்தவர். இல்லை. குட்டி போடாத பெண் எலியின் கூண்டில் தினமும் குட்டிகளை விட்டுக்கொண்டே வந்தால், முதலில் வாசனை பிடிக்காமல் ஒதுங்கும் அது, ஒரு வாரம் போல ஆனதும் நக்கி, கூட்டில் சேர்த்து, மேலே படுத்து அணைக்கத் தொடங்கிவிடும். 1967இல் ஜே ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் இதைக் காட்டினார், ஆண் எலிகளும் அப்படி மாறின. ஹார்மோன் கதவைச் சீக்கிரம் திறக்கிறது, பழக்கம் மெதுவாகத் திறக்கிறது. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பூண்டு உரிக்கப் போய்விட்டார்.

ஆக என் பரிந்துரை இதுதான். மேட்ரெசன்ஸ் என்ற முழு மாற்றத்துக்கும், கருவுற்றதிலிருந்து வருடக்கணக்கில் நீள்வதற்கு, தாயாதல் என்றே சொல்லலாம். ஆதல் என்ற சொல் அந்த லத்தீன் வாலின் வேலையைச் சரியாகச் செய்கிறது. பிறப்பை ஒட்டிய அந்தக் கூர்மையான வாரங்களுக்குப் புனிறு. அடுத்த சொல்லோடு சேரும்போது புனிற்று என்றாகும்: புனிற்றுக் காலம், புனிற்றுத் தாய், புனிற்று மறதி. ஒன்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்: இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் வெறுமையும் விடாமல் இருந்தால் அது நோய், அதற்குக் கிளினிக்குக்குப் போக வேண்டும்.

நேற்று ஈப்போவிலிருந்து அத்தை பிள்ளை பார்க்க வருவதாகச் சொன்னார். "அவள் இன்னும் புனிற்றுக் காலத்தில் இருக்கிறாள் அத்தை, முப்பது கழித்து வாங்க" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "பச்சை உடம்புன்னு சொல்லும்மா. சரி, முப்பது கழிச்சு வர்றேன்."