ஸ்டீயரிங் ஆடுகிறதா? ராக்கை மாற்றும் முன் புஷ்ஷைப் பாருங்கள்

பழைய பிக்கப்பைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் ஒரே வாசகத்தோடுதான் இறங்குகிறார்கள்: "ஸ்டீயரிங் லூசா இருக்கு, வண்டி நேரா போக மாட்டேங்குது." சிலர் கையில் ஒரு எஸ்டிமேட்டும் இருக்கும். அதில் முதல் வரியே புது ஸ்டீயரிங் ராக், அதாவது ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம். விலையைப் பார்த்து மலைத்துப்போய், இன்னொரு மெக்கானிக்கையும் கேட்டுவிடலாம் என்று வந்திருப்பார்கள். கீழே போய்ப் பார்த்தால் பல நேரம் ராக் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தியிருக்கும் ரப்பர் புஷ்கள்தான் செத்துப்போயிருக்கும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இங்கே பேசுவது ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் உள்ள பிக்கப், சிறிய டிரக் வகைகளைப் பற்றி. கனரக லாரிகளில் பெரும்பாலும் சேஸிஸில் இறுக்கிய ஸ்டீயரிங் பாக்ஸ்தான். பழைய பிக்கப்களிலும் பாக்ஸ் உள்ளவை ஏராளம். டொயோட்டா டகோமா 1995-இல் வந்தபோதே ராக்குடன் வந்தது. ஃபோர்டு எஃப்-150 2004 மாடலில்தான் ராக்குக்கு மாறியது. உங்கள் வண்டியில் எது என்று தெரியவில்லையா? இரண்டு முன்சக்கரங்களுக்கும் நடுவே குறுக்காக ஒரு நீளக் குழாய் கிடந்து, அதன் இரு முனையிலும் மடிப்பு மடிப்பான ரப்பர் பூட் இருந்தால் அது ராக்.

ராக்கின் உடல் முன்பக்கக் கிராஸ் மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில்) சில இடங்களில் போல்ட் போட்டு நிற்கிறது. சில வண்டிகளில் வார்ப்பிலேயே காது மாதிரி துளை இருக்கும், அதற்குள் ஸ்லீவ் (உலோகக் குழல்) வைத்த புஷ். சிலவற்றில் ரப்பர் ராக்கைச் சுற்றி இருக்கும், மேலே ஒரு கிளாம்ப் இறுக்கிப் பிடிக்கும். சாலையின் அதிர்வும் பவர் ஸ்டீயரிங் பம்ப்பின் முனகலும் அப்படியே கைக்கு வராமல் இருக்கத்தான் அந்த ரப்பர். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது பினியன் என்ற சிறு பல்சக்கரம் ராக்குக்குள் இருக்கும் பல்தண்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, சக்கரம் எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பை ராக்கின் உடலும் அதைப் பிடித்திருக்கும் புஷ்ஷும்தான் தாங்க வேண்டும். புஷ் உறுதியாக இருந்தால் பல்தண்டு மட்டும் நகர்ந்து சக்கரம் திரும்பும். தளர்ந்திருந்தால் முதலில் ராக்கே எதிர்ப்பக்கம் நகரும். ரப்பர் நசுங்கி முடிந்த பிறகுதான் சக்கரத்துக்குச் செய்தி போகும். ஆடுகிற மேசையில் தாளை வைத்து எழுதிவிட்டுப் பேனாவைக் குறை சொல்கிற கதைதான்.

ஓட்டும்போது இது எப்படித் தெரியும்? ஸ்டீயரிங்கை லேசாக அசைத்தால் வண்டி கேட்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் பொசுக்கென்று திரும்பும். நின்ற இடத்தில் இடமும் வலமும் திருப்பினால் காலடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். தடம் விழுந்த சாலையில் வண்டி தானாக அலையும். இவையெல்லாம் வேறு பழுதுகளிலும் வரும் என்பதால் நான் கூடுதலாக ஒன்று கேட்பேன்: வலது திருப்பம் முடிந்து நேராகப் போகும்போது ஸ்டீயரிங் வீல் நிற்கும் கோணமும், இடது திருப்பத்துக்குப் பின் நிற்கும் கோணமும் ஒன்றா? வேறு வேறு என்றால் என் சந்தேகம் முதலில் புஷ் மேல்தான் போகும். ராக் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் தள்ளப்பட்டு, அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கு அலைன்மெண்ட் செலவுதான் அதிகம் ஆகும். மெஷினில் நிற்கும்போது அளவெல்லாம் சரியாகவே காட்டும், ஏனென்றால் அப்போது சக்கரத்தில் பக்கவாட்டு அழுத்தமே இல்லை. வெளியே வந்து ஒரு திருப்பம் தாண்டியதும் வீல் பழையபடி சாய்ந்து நிற்கும். ராக் பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே திரும்பும், டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் கோணம், அவ்வளவாக மாறாது. ஆனால் புஷ் ரொம்பவே போய், ராக் மேலும் கீழும் துள்ள ஆரம்பித்தால் ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி, ஒவ்வொரு குழியிலும் டோ மாறும். அப்போதுதான் டயரின் ஓரம் கரையத் தொடங்குகிறது.

இனி சோதனை. லிஃப்ட்டில் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தால் இந்தப் பழுது பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். தொங்கும் சக்கரத்தில் எதிர்ப்பு இல்லை, அதனால் ராக் நகரக் காரணமும் இல்லை. வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். சமதரையிலோ, ஏற்றி நிறுத்தும் ராம்ப்பிலோ நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வையுங்கள். ராக்கின் உடலிலிருந்து கிராஸ் மெம்பர் வரை சாக்பீஸில் ஒரு கோடு இழுங்கள். அப்புறம் ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இடமும் வலமும் ஆட்டட்டும். லேசாக அசைவது ரப்பரின் இயல்பு. கோடு கண்ணெதிரே உடைந்து இரண்டாகப் பிரிந்து பிரிந்து சேர்ந்தால் கதை முடிந்தது. வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரு யோசனை: எஞ்சின் ஓடும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். மொபைலைத் தரையில் சாய்த்து வைத்து வீடியோ எடுங்கள். அந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் என்னைவிட நன்றாகவே தெரியும்.

ராக் அசையவில்லை, ஆனாலும் ஆட்டம் இருக்கிறது என்றால் புஷ் குற்றவாளி இல்லை. ஸ்டீயரிங் வீலிலிருந்து ராக்குக்கு வரும் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட், ரப்பர் பூட்டுக்குள் மறைந்திருக்கும் உள் டை ராடு, வெளி டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் என்று வரிசையாகப் பார்க்க வேண்டியதுதான்.

இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ராக்கின் பின்புறம் ஒரு அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கும். உள்ளே பல்தண்டை பினியனோடு ஒட்டிப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கானது அது. ஆட்டம் என்றதும் சிலர் அதைத்தான் முறுக்குகிறார்கள். கொஞ்ச நாள் ஸ்டீயரிங் இறுகின மாதிரி இருக்கும், வாடிக்கையாளரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, நடுவிலே பிடித்துக்கொள்ளும், பல் சீக்கிரம் தேயும். புஷ் போன வண்டியில் இதைச் செய்வது நல்லாயிருந்த ராக்கையும் கெடுக்கும் வேலை.

புஷ் ஏன் போனது என்று கேட்காமல் புதுசு போட்டால் அதுவும் போகும். வயதும் வெப்பமும் ரப்பரை வெடிக்கச் செய்யும், சரி. ஆனால் நான் கழற்றும் புஷ்களில் பல, வெடித்தவை அல்ல. எண்ணெய் குடித்து ஊதி, சீஸ் மாதிரி குழைந்தவை. மேலே வால்வ் கவரிலிருந்து எஞ்சின் ஆயில் சொட்டும், அல்லது ராக்கின் ஹோஸ் இணைப்பில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசியும். ரப்பர் பூட்டுக்குள் ஆயில் தேங்கியிருந்தால் ராக்கின் சீலே போய்விட்டது என்று பொருள். அந்த நிலையில் புஷ் மட்டும் மாற்றச் சொல்லி நானே சொல்ல மாட்டேன், ராக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய டயர் போட்டவர்களும், வண்டி நகராமல் நின்றபடியே ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடிப்பவர்களும் புஷ்ஷுக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறார்கள்.

ரப்பரா பாலியூரித்தேனா என்பது அடுத்த கேள்வி. பாலியூரித்தேன் என்ற கெட்டியான செயற்கைப் பொருள் அவ்வளவாக நசுங்காது, எண்ணெயையும் நன்றாகத் தாங்கும். பதிலுக்குச் சாலையின் ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்லும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். அன்றாட வேலைக்கு ஓடும் வண்டிக்கு நான் கம்பெனி ரப்பரையே போடுவேன். பெரிய டயரும் கரடுமுரடான பாதையும் என்றால் பாலியூரித்தேன். எதுவானாலும் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில், ஒரே வகை. ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் குழைவு என்று விட்டால் தொந்தரவு இடம் மாறுமே தவிரப் போகாது.

வேலைக்கு முந்தைய நாளே போல்ட்களில் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். பழைய வண்டியில் போல்ட் ஸ்லீவுக்குள் துருவோடு ஒட்டியிருக்கும், அதுதான் இந்த வேலையில் பாதி நேரத்தைத் தின்னும். கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்று தோன்றும். பக்கத்திலேயே ஹோஸும், எளிதில் தீப்பிடிக்கும் ஆயிலும் இருப்பதை மறக்கக் கூடாது. வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டீயரிங் வீலை சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். ஷாஃப்ட்டைக் கழற்றிய பிறகு வீல் இஷ்டத்துக்குச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும். ஷாஃப்ட் ஜாயிண்ட்டில் கழற்றும் முன் பெயின்ட்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள்.

பல வண்டிகளில் ராக்கை முழுதாக வெளியே எடுக்கத் தேவையில்லை. போல்ட்களைக் கழற்றி, ராக்கைக் கொஞ்சம் முன்னே இழுத்தாலே புஷ்ஷுக்கு வழி கிடைக்கும். அப்படி இழுக்கும்போது எடை ஹோஸ்களில் தொங்கக் கூடாது, கயிறு போட்டுத் தாங்குங்கள். கிளாம்ப் வகை என்றால் பிளந்து எடுத்துப் புதுசை மாட்டினால் போதும். காதுக்குள் இருக்கும் வகைதான் வம்பு. நீள போல்ட், வாஷர், சாக்கெட் வைத்து இழுத்து எடுங்கள், சுத்தியல் வேண்டாம். அலுமினியக் காது விரிசல் விட்டால் அப்போதுதான் உண்மையிலேயே புது ராக் வாங்க வேண்டியிருக்கும். சில பாலியூரித்தேன் செட்கள் பழைய புஷ்ஷின் வெளி உலோக வளையத்துக்குள்ளேயே உட்காரும்படி வரும், அதனால் அறுக்கும் முன் செட்டோடு வந்த தாளைப் படியுங்கள். துளையைத் துரு போகத் தேய்த்துவிட்டு, ரப்பர் என்றால் சோப்புத் தண்ணீர் தொட்டு உள்ளே தள்ளுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். பாலியூரித்தேனுக்குக் கூடவே வரும் சிலிக்கோன் கிரீஸ்.

போல்ட்களை எல்லாம் கையால் பிடிக்கவைத்து, ராக் சரியாக உட்கார்ந்த பின் டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனரால்) வண்டியின் மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். இம்பாக்ட் கன்னால் முடித்துவிட்டுப் போகிற இடமில்லை இது. டை ராடு எண்ட்டைக் கழற்றியிருந்தால் அதன் நட்டைப் பூட்டும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். நட்டின் பள்ளம் துளைக்கு நேராக வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. ஹோஸைத் திறந்திருந்தால் மேனுவலில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். சில வண்டிக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சிலவற்றுக்குத் தனி பவர் ஸ்டீயரிங் ஆயில். முன்சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கி, எஞ்சினை அணைத்து வைத்து, ஸ்டீயரிங்கை இரு கடைசிவரை மெதுவாகப் பல தடவை திருப்பிக் காற்றை வெளியேற்றிய பின் ஸ்டார்ட் செய்யுங்கள்.

அதே சாக்பீஸ் கோட்டை மறுபடி இழுத்து, அதே சோதனையைச் செய்யுங்கள். கோடு உடையாமல் நின்றால் நேராக அலைன்மெண்ட்டுக்குப் போகலாம். ராக் புது இடத்தில் உட்கார்ந்திருப்பதால் இதைத் தவிர்க்க முடியாது. ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உள்ள வண்டி என்றால் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரையும் அங்கேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை கீழே பார்த்தால் போதும்: போல்ட்களின் டார்க் அப்படியே இருக்கிறதா, புது ரப்பரில் எண்ணெய் ஈரம் ஏதும் தெரிகிறதா என்று.